பிளே அழுத்தியும் கேம் திறக்கவில்லையா? திருகோணமலையில் லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

போன மாதம் உப்புவெளியில் இருந்து ஒரு பெடியன் தன் டெஸ்க்டொப்பைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். "அண்ணா, லினக்ஸ்ல கேம் ஓடாது எண்டு எல்லாரும் சொல்றாங்க. விண்டோஸைத் திரும்பப் போட்டுத் தாங்க" என்றான். விண்டோஸ் போடாமலே அந்தக் கணினி அன்று பின்னேரம் வீட்டுக்குத் திரும்பியது. அவனுக்குச் சொன்னதையும், ஏகாம்பரம் வீதியில் இருந்து கிண்ணியா வரை பலருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். எங்கள் ஊரில் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அலுவலகங்களில் இருந்து கழித்து விற்ற 4ஆம், 6ஆம் தலைமுறை டெஸ்க்டொப்கள். அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் படிப்புக்கும் ஆகும், விளையாட்டுக்கும் ஆகும். ஆனால் கேம் ஓடாதபோது எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கிண்ணியாப் பாலம் வருவதற்கு முன் மூதூர்ப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாதைப் படகில் ஏறி இறங்கி, திரும்பவும் இன்னொரு பாதைக்குக் காத்திருந்து போக வேண்டும். ஒரு பாதை நின்றுவிட்டால் பயணமே நின்றுவிடும். லினக்ஸில் விண்டோஸ் கேம் ஓடுவதும் அப்படித்தான். கேம் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. அதன் கட்டளைகளை 1993இல் தொடங்கிய வைன் என்ற மென்பொருள் லினக்ஸுக்கு மாற்றிக் கொடுக்கிறது. அந்த வைனை எடுத்து, வால்வ் நிறுவனம் 2018 ஓகஸ்டில் புரோட்டன் என்ற பெயரில், கேம் வாங்கி ஓட்டும் தன் ஸ்டீம் செயலிக்குள் வைத்தது. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் என்ற படம் வரையும் கட்டளைகளை டிஎக்ஸ்விகே என்ற பகுதி, லினக்ஸிலும் ஓடும் வல்கன் என்ற கட்டளை முறைக்கு மாற்றுகிறது. டைரக்ட்எக்ஸ் 12 என்றால் அதே வேலையை விகேடி3டி செய்கிறது. வல்கனைப் புரிந்துகொண்டு கிராபிக்ஸ் கார்ட்டை வேலை வாங்குவது டிரைவர் என்ற மென்பொருள். எந்தப் பாதை நின்றது என்பதை அறிகுறியே காட்டிக்கொடுக்கும். அது தெரியாமல் எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போடுவதால் இரவு டேட்டாதான் வீணாகும்.

தொடங்குமுன் இரண்டு வேலை. மின்ட்டில் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து ஒரு ஸ்னப்ஷொட் எடுத்து வையுங்கள். டிரைவரை மாற்றி ஏதும் பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். பிறகு ஸ்டீமில் ஹெல்ப் பட்டியலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்து, கிராபிக்ஸ் கார்ட்டின் பெயரையும் டிரைவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். கீழே சொல்லும் பாதி விஷயங்களுக்கு அந்தத் தாள் வேண்டும்.

அறிகுறி: பிளே பொத்தான் பச்சையில் இருந்து நீலமாகிறது, சில நொடியில் திரும்பப் பச்சையாகிறது. வேறொன்றும் நடக்கவில்லை

அதிகமாக வருவது இதுதான். உப்புவெளிப் பெடியனின் கணினியிலும் இதுதான் நடந்தது. பிளே அழுத்தினால் பொத்தான் நீலமாகி 'ஸ்டொப்' என்று காட்டும். திரை ஒருதரம் கறுத்து மின்னும். ஐந்து நொடியில் பொத்தான் பச்சைக்குத் திரும்பும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால்தான் 'ஓடாது' என்று ஆட்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் கேம் திறந்து, வல்கனைத் தேடி, கிடைக்காமல் மூடிக்கொள்கிறது.

அவனுடைய கணினியில் இருந்தது 4ஆம் தலைமுறை ஐ5. கார்ட் தனியாக இல்லை; சிப்பிலேயே உள்ள எச்டி 4600தான். இந்தத் தலைமுறைக்கு வல்கன் ஆதரவு முழுமையாக இல்லை என்று லினக்ஸில் உள்ள மேசா என்ற டிரைவரே டெர்மினலில் எச்சரிக்கை எழுதிக் காட்டும். டிஎக்ஸ்விகே 2ஆம் பதிப்பில் இருந்து வல்கன் 1.3ஐக் கேட்கிறது. புரோட்டன் 8இல் இருந்து எல்லாப் பதிப்பிலும் அந்த டிஎக்ஸ்விகேதான் உள்ளது. ஆகவே புதிய புரோட்டன் இந்தச் சிப்பில் நின்றுவிடுவது இயல்பு.

இதற்கு நான் செய்வது படிப்படியாக இப்படி. கேமின் பெயரில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் புரோட்டன் 7.0ஐத் தெரிவு செய்யுங்கள். அதில் பழைய டிஎக்ஸ்விகே இருக்கிறது, அது வல்கன் 1.1 இருந்தாலே போதும் என்கும். அதிலும் திறக்காவிட்டால் ப்ராப்பர்ட்டீஸில் ஜெனரல் பக்கத்தில் லோஞ்ச் ஒப்ஷன்ஸ் என்ற பெட்டி இருக்கும். அதில் 'புரோட்டன்_யூஸ்_வைன்டி3டி=1 %கமாண்ட்%' என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். முன்பகுதி முழுக்கப் பேரெழுத்து, கடைசியில் உள்ள 'கமாண்ட்' மட்டும் சிற்றெழுத்து. இது வல்கனை விட்டுவிட்டு ஓப்பன்ஜிஎல் வழியாகப் போகும். வேகம் குறையும். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களுக்கு உதவாது. ஆனால் பத்து, பதினைந்து வருடத்துக்கு முந்திய கேம்கள் நிறைய இப்படி ஓடும். அவனுடையதும் ஓடியது.

6ஆம் தலைமுறை என்றால் இந்தச் சிக்கல் இல்லை. எச்டி 530க்கு வல்கன் 1.3 முழுமையாக உண்டு. வேகம் மட்டும்தான் குறை.

கார்ட் ஒன்று வாங்கிப் போட நினைப்பவர்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. கடைகளில் ஜிடி 710, ஜிடி 730 என்று மலிவாகத் தருவார்கள். வாங்க வேண்டாம். அவை கெப்ளர் வகை. என்விடியா அவற்றுக்குக் கடைசியாகத் தந்தது 470 டிரைவர், அதில் வல்கன் 1.2 வரைதான். ஜிடி 730 என்ற அதே பெயரில் ஃபெர்மி வகைக் கார்டும் இருக்கிறது, அதற்கு வல்கனே கிடையாது. பழையதாக வாங்குவதானால் ஆர்எக்ஸ் 550 தேடுங்கள். ஏஎம்டியின் டிரைவர் லினக்ஸோடு சேர்ந்தே வருவதால் செருகிவிட்டு ஓன் பண்ணினால் போதும். பவர் சப்ளையில் இருந்து தனி வயர் தேவைப்படாத கார்டாகவும் பாருங்கள். மெல்லிய அலுவலகப் பெட்டியாக இருந்தால் உயரம் குறைந்த தகடு உள்ள கார்ட்தான் உள்ளே போகும். பணம் கொடுக்குமுன் பெட்டியைத் திறந்து அளந்து கொண்டு போங்கள்.

அதே அறிகுறி, ஆனால் கார்ட் நல்லது. கேம் மட்டும் விண்டோஸ் டிஸ்கில் இருக்கிறது

இதில் நான் நேரடியாகப் பட்டிருக்கிறேன். 60 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கேமை மூன்று இரவு விழித்து இரவு டேட்டாவில் இறக்கியிருந்தேன். இரண்டாவது தரம் இறக்க மனமில்லாமல், விண்டோஸ் பகுதியில் இருந்த அதே இடத்தை லினக்ஸ் ஸ்டீமுக்கும் காட்டிவிட்டேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் விண்டோஸ் பக்கம் போனேன், அது டிஸ்கைச் 'சரிசெய்கிறேன்' என்று ஓடி முடித்தது. திரும்பி வந்தபோது கேம் திறக்கவில்லை, சேவ் பைலும் இல்லை.

காரணம் விளங்க வேண்டுமானால் ஸ்டீம்ஆப்ஸ் போல்டருக்குள் உள்ள கம்பாட்டேட்டாவைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கேமுக்கும் ஓர் எண் பெயரில் போல்டர் இருக்கும். அதற்குள் பிஎஃப்எக்ஸ், அதற்குள் டோஸ்டிவைசஸ். அங்கே 'சி:' என்று ஓர் இணைப்பு இருக்கும். பெயரில் முக்காற்புள்ளி. விண்டோஸ் தன் பைல் பெயர்களில் முக்காற்புள்ளியை ஏற்பதே இல்லை. லினக்ஸ் எழுதி வைத்த இந்தப் பெயரை விண்டோஸ் கண்டால் பழுது என்று எடுத்துத் துப்புரவாக்கிவிடும்.

ஆகவே கேமை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வகைப் பகுதியில் இருந்து ஓட்டாதீர்கள். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வகைப் பகுதி ஒன்றை ஒதுக்குங்கள். திரும்ப இறக்கத் தேவையில்லை. விண்டோஸ் பகுதியின் ஸ்டீம்ஆப்ஸில் உள்ள கொமன் போல்டருக்குள் கேமின் போல்டர் இருக்கும், அதை அப்படியே லினக்ஸ் பக்கத்துக் கொமனுக்குள் பிரதி செய்துவிட்டு ஸ்டீமில் இன்ஸ்டோல் கொடுங்கள். ஏற்கனவே உள்ள பைல்களைக் கண்டுபிடித்துச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். பக்கத்து வீட்டு நண்பரிடம் அதே கேம் இருந்தால் யூஎஸ்பி டிஸ்கில் வாங்கி வந்தும் இதைச் செய்யலாம். டேட்டாவுக்குக் காசு கட்டி வாழும் எங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

'டிஸ்க் ரைட் எரர்' என்று வந்தால் பெரும்பாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் இருக்கிறது என்று அர்த்தம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் போடப்பட்டிருந்தால் விண்டோஸ் டிஸ்கைப் பாதி உறக்கத்தில் விட்டுப்போகும். லினக்ஸ் அதை வாசிக்க மட்டும் திறக்கும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் செய்யுங்கள், அல்லது அந்த வசதியையே நிறுத்துங்கள்.

ஸ்டீமை பிளட்பக் என்ற, மற்ற இடங்களைத் தொடவிடாத பொதி வடிவில் போட்டவர்களுக்கு இரண்டாவது டிஸ்க் கண்ணிலேயே படாது. பிளட்சீல் என்ற கருவியில் அந்த இடத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டும். என் விருப்பம் மின்ட்டின் சாதாரணப் பக்கேஜ்தான்.

அறிகுறி: கேம் திறக்கிறது, ஆனால் ஒரு நொடிக்கு நாலைந்து பிரேம்தான்

எழுதி வைத்த தாளைப் பாருங்கள். டிரைவரின் பெயர் 'எல்எல்விஎம்பைப்' என்றிருந்தால் கார்ட் வேலையே செய்யவில்லை. சிபியு தனியே படம் வரைகிறது. என்விடியா கார்டில் 'நூவோ' என்றிருந்தால் என்விடியாவின் சொந்த டிரைவர் ஏறவில்லை.

மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்து 'ரெகமண்டட்' என்றிருப்பதைத் தெரிவு செய்யுங்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பயோஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்புப் போட்டிருந்தால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் நீல நிறத்தில் ஒரு திரை வரும், 'பெர்ஃபோர்ம் மொக் மேனேஜ்மென்ட்' என்று தலைப்பு. அது பத்து நொடிதான் நிற்கும். ஏதோ பிழை என்று நினைத்து விட்டுவிட்டால் கணினி வழமைபோலத் திறக்கும், டிரைவர் மட்டும் பூட்டப்பட்டிருக்கும். அந்தத் திரையில் ஒரு விசையை அழுத்தி, என்ரோல் மொக், கன்டினியூ, யெஸ் என்று போய், முதலில் கொடுத்த கடவுச்சொல்லைப் போட வேண்டும். தவறவிட்டால் பயோஸில் செக்யூர் பூட்டை நிறுத்துவது இலகுவான வழி.

லப்டொப்பில் இரண்டு கார்ட் இருந்தால் கேம் சின்னக் கார்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஏஎம்டி என்றால் லோஞ்ச் ஒப்ஷன்ஸில் 'டிஆர்ஐ_பிரைம்=1 %கமாண்ட்%', முன்பகுதி பேரெழுத்தில். என்விடியா என்றால் பணிப்பட்டையில் உள்ள என்விடியா சின்னத்தில் இருந்து பெர்ஃபோமன்ஸ் நிலைக்கு மாற்றிவிட்டு லொக் அவுட் செய்து வாருங்கள்.

அறிகுறி: முதல் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு இழுக்கிறது, பிறகு சீராகிறது

பழுது எதுவும் இல்லை. ஒவ்வொரு காட்சியும் முதல்தரம் வரும்போது அதை வரைவதற்கான ஷேடர்கள் என்ற சிறு நிரல்கள் உங்கள் கார்டுக்கு ஏற்றபடி தொகுக்கப்படுகின்றன. கேம் திறக்குமுன் 'புரோசசிங் வல்கன் ஷேடர்ஸ்' என்று ஒரு பட்டை ஓடுமே, அது இந்த வேலையைத்தான் முன்கூட்டிச் செய்கிறது. பொறுமையில்லாமல் ஸ்கிப் அழுத்தாதீர்கள். தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு வந்தால் முடிந்திருக்கும். டிரைவர் புதுப்பித்த பிறகு இந்தப் பட்டை திரும்ப ஓடும், அதுவும் சரியானதே.

அறிகுறி: இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு வேகம் விழுகிறது; கணினி தானாக அணைகிறது

இதை லினக்ஸ் மேல் போடுவது எனக்கு மனவருத்தம். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் எங்கள் ஊரில் பின்னேரம் வரைக்கும் சுவரே சுடும். தகரக் கூரைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி வைத்த பெட்டி என்ன செய்யும்? இன்டெல் சிப்புகள் பெரும்பாலும் 100 பாகையை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைக்கும்.

கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. மேங்கோஹட் என்ற சிறு மென்பொருளை நிறுவி, லோஞ்ச் ஒப்ஷன்ஸில் 'மேங்கோஹட் %கமாண்ட்%' என்று எல்லாம் சிற்றெழுத்தில் எழுதுங்கள். திரையின் இடது மூலையில் பிரேம் எண்ணிக்கையும், சிபியு, ஜிபியு எவ்வளவு வேலை செய்கின்றன என்பதும் தெரியும். வெப்பத்தையும் காட்ட அதன் அமைப்பில் தெரிவு உண்டு. பிரேம் விழும் அதே நிமிடத்தில் வெப்பம் 95க்கு மேல் நின்றால் சந்தேகம் தீர்ந்தது.

பெட்டியைத் திறந்து பாருங்கள். நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் கடற்கரைக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையில் தூசி உப்பு ஈரத்தோடு சேர்ந்து களிபோல ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது. மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். பத்து வருடப் பழைய கணினியில் சிபியுவின் மேல் உள்ள பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல உதிரும், அதைத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துத் துடைத்துப் போடுவதும் நல்லது. உப்புக்காற்றால் கறுத்த பற்கள் காரணமில்லாமல் கேமை நொறுக்கும். எல்லாம் செய்த பிறகு பிரேமை 40 அல்லது 60க்கு மட்டுப்படுத்தி வையுங்கள். 90 பிரேம் காட்டமுடியாத மொனிட்டருக்காகக் கார்ட்டை வறுக்க வேண்டியதில்லை.

அறிகுறி: பெரிய மேப் ஏறும்போது மட்டும் கேம் மூடுகிறது

மின்ட் 21 போன்ற பழைய பதிப்பில் இருக்கிறீர்களா? அதில் ஒரு செயலி வைத்திருக்கக்கூடிய நினைவகப் பகுதிகளின் எண்ணிக்கை 65530 என்று கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். சில புதிய கேம்களுக்கு அது போதாது. உபுண்டு 24.04இல் இந்த வரம்பு 1048576 ஆக உயர்த்தப்பட்டது, அதன்மேல் கட்டப்பட்ட மின்ட் 22க்கும் அது வந்தது. பதிப்பை ஏற்றுவதே சுகமான தீர்வு. 8 ஜிபி ரேம் உள்ளவர்கள் கேமுக்கு முன் பிரவுசரை மூடுங்கள்.

அறிகுறி: கதைக்காட்சி வரவேண்டிய இடத்தில் பல நிறப் பட்டைகள்

அந்த வீடியோவை விரித்துக் காட்டும் கோடெக் என்ற பகுதி புரோட்டனில் இல்லை. புரோட்டன்அப்-க்யூடி என்ற கருவியால் ஜிஈ-புரோட்டன் என்ற மாற்றுப் புரோட்டனை இறக்கி, கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் தெரிவு செய்து, ஸ்டீமை மூடித் திறங்கள். சத்தம் கரகரத்தால் லோஞ்ச் ஒப்ஷன்ஸில் 'பல்ஸ்_லேட்டன்சி_எம்செக்=60 %கமாண்ட்%', முன்பகுதி பேரெழுத்தில். மலிவான கேம்பேட் அசையாவிட்டால் அதன் பின்புறத்தில் எக்ஸ், டி என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், எக்ஸ் பக்கம் தள்ளுங்கள்.

அறிகுறி: கேம் திறக்கிறது, ஒன்லைன் போனதும் வெளியே தள்ளுகிறது

இதற்குத் தீர்வு சொல்லமுடியாது. அதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் மென்பொருள்களில் ஈஸி அன்டி-சீட், பட்டில்ஐ இரண்டும் 2021 முதல் புரோட்டனில் இயங்கக்கூடியவை. ஆனால் கேமை உருவாக்கியவர் அனுமதித்தால்தான் திறக்கும். பலர் அனுமதிப்பதில்லை. வலோரன்ட் ஓடாது. லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் நெடுநாள் ஓடியது. 2024இல் வான்கார்ட் என்ற தடுப்பு மென்பொருள் வந்ததோடு நின்றது. ஃபோர்ட்நைட் ஓடாது, பப்ஜியும் ஓடாது. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2024 ஒக்டோபர் கடைசியில் லினக்ஸை நிறுத்திவிட்டார்கள். ஜிடிஏ 5இன் கதைப் பகுதி ஓடும். ஒன்லைன் பகுதி 2024 செப்டம்பரில் பட்டில்ஐ சேர்த்ததில் இருந்து இல்லை.

மறுபக்கம், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. புரோட்டன்கூடத் தேவையில்லை.

தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். தடையைச் சுற்றிப் போக யூடியூப்பில் காட்டும் வழிகளைச் செய்யாதீர்கள். எக்கவுன்ட்டை முடக்கிவிடுவார்கள், காசு கொடுத்து வாங்கியதெல்லாம் அதோடு போய்விடும். உங்கள் கூட்டாளிகள் எல்லோரும் வலோரன்ட்தான் ஆடுகிறார்கள் என்றால், அந்த ஒன்றுக்காக ஒரு சிறு விண்டோஸ் பகுதியை வைத்திருங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

அறிகுறி: கரண்ட் போய் வந்தபின் எதுவும் சரியில்லை

2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். இப்போது அவ்வளவு இல்லை. ஆனாலும் மாரியில் இடி மின்னலோடு சட்டென்று போகும்.

கேம் மட்டும் பிழைத்தால் ப்ராப்பர்ட்டீஸில் இன்ஸ்டோல்ட் பைல்ஸ் பக்கம் போய், பைல்களைச் சரிபார்க்கும் 'வெரிஃபை' பொத்தானை அழுத்துங்கள். கெட்ட பகுதிகளை மட்டும் இறக்கிக்கொள்ளும். கணினியே திறக்காமல் கறுப்புத் திரையில் '(இனிட்ராம்எஃப்எஸ்)' என்று நின்றால் பதற வேண்டாம். மேலே வந்த வரிகளில் எந்தப் பகுதியைக் கையால் சரிபார்க்கச் சொல்கிறது என்று எழுதியிருக்கும், எஸ்டிஏ2 என்பதுபோல. 'எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். முடிந்ததும் 'ரீபூட்'. பத்தில் எட்டுத்தரம் இதிலேயே எழும்பிவிடும்.

சேவ் பைல்களை மட்டும் வாரத்துக்கு ஒருதரம் யூஎஸ்பியில் எடுங்கள். எல்லாக் கேமும் ஸ்டீம் கிளவுட்டில் சேமிப்பதில்லை. முன்பு சொன்ன கம்பாட்டேட்டாவில் கேமின் எண், பிஎஃப்எக்ஸ், டிரைவ்_சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர் என்று உள்ளே போனால் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

எதுவுமே பொருந்தாவிட்டால்

லோஞ்ச் ஒப்ஷன்ஸில் 'புரோட்டன்_லொக்=1 %கமாண்ட்%' என்று, முன்பகுதியைப் பேரெழுத்தில் எழுதி, ஒருதரம் கேமைத் திறந்து, அது விழும்வரை விடுங்கள். உங்கள் ஹோம் போல்டரில் ஸ்டீம் என்ற சொல்லும் கேமின் எண்ணும் சேர்ந்த பெயரில் ஒரு லொக் பைல் வந்திருக்கும். கடைசி ஐம்பது வரிகளில் 'எர்ர்:' என்று உள்ள வரிகளைத் தேடுங்கள். அந்த வரியையும் கேமின் பெயரையும் சேர்த்துப் புரோட்டன்டிபி தளத்தில் பாருங்கள். அதே கார்ட் வைத்திருக்கும் யாராவது விடை எழுதியிருப்பார்கள்.

என்னிடம் வருபவர்கள் பெட்டியைச் சைக்கிளில் கட்டுமுன் அந்தத் தாளையும் லொக் பைலையும் முதலில் அனுப்புங்கள். பாதிப்பேருக்குப் பெட்டியைத் தூக்கி வரவேண்டிய தேவையே இருக்காது. எந்த நாளில் இருந்து ஓடவில்லை, அதற்கு முதல்நாள் என்ன மாற்றினீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.